நூத்திப் பதினேழாம் நம்பர் வீடு

நாலுதான் இருந்தது. அஞ்சு இல்லை. கிரஷர் மேடையில் நின்றுகொண்டு அர்த்தனாரி இதைக் காலையிலிருந்து எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. மணி பதினொன்றரை ஆகிவிட்டது. பார்த்தது எட்டேகாலுக்கு. இன்னும் கண்ணை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர்த் துண்டு ஒன்று, ஒரு முறம் அகலம் இருக்கும், உடைந்த செங்கல்லோடும் காரைக்கட்டியோடும் சேர்ந்து தொட்டியில் சரிந்து வந்தது, அதன் மேல் சிவப்பாக நாலு கோடு, மிஷின் வாயைத் திறந்தது, கவ்வியது, அவ்வளவுதான். ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட இல்லை. கை என்றால் அஞ்சு விரல் இருக்கவேண்டும், ஊர் உலகத்தில் எல்லாருக்கும் அஞ்சுதான். நாலு இருந்தால் அது பெயிண்ட். எவனோ வேலை முடிந்து பிரஷ்ஷைத் துடைத்திருப்பான். பிள்ளைகள் எதையாவது கரைத்துத் தடவியிருக்கும். சிவப்பாகக் கண்ணில் பட்டதெல்லாம் குங்குமம் ஆகிவிடுமா, இவன் என்ன மந்திரவாதியா, ஒரு நொடியில் சுவரைப் பார்த்துவிட்டு அதில் யார் கை வைத்தார்கள் என்று சொல்வதற்கு. பெயிண்ட்தான். பெயிண்ட்டேதான். அப்படியானால் எட்டேகாலிலிருந்து ஏன் இதையே எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று கேட்டால், காலையில் தின்ற ரொட்டி மந்தம் என்று சொல்லிக்கொண்டான்.

ரொட்டி பாவம், அது என்ன செய்யும். மூன்று வாரமாக அதைத்தான் தின்கிறான். திருச்செங்கோட்டில் கருங்கல் உடைக்கிற மிஷினைப் பதினாறு வருஷம் ஓட்டியவன், குஜராத்தில் கட்ச் பக்கத்தில் குடியரசு தினத்தன்று காலையில் பூகம்பம் வந்து ஒரு ஊரே உட்கார்ந்துவிட்டது, இடிந்ததை எல்லாம் அரைத்து ஜல்லியாக்கி அதிலேயே புது ஊர் கட்டப்போகிறார்கள், ஆள் வேண்டும் என்றார்கள், மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். நல்ல வேலைதான், இதில் பாவம் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தான். கருங்கல்லை உடைத்தால் கல் வெறுமனே உடையும். இங்கே உடைக்கிற ஒவ்வொரு கட்டியிலும் ஆணி இருக்கிறது, காலண்டர் மாட்டிய ஆணி, சுவிட்சுப் பலகை பதித்த குழி, சமையல்கட்டுப் புகைக் கரி. முதல் வாரம் அதையெல்லாம் பார்த்தான். அப்புறம் பார்க்காமல் இருக்கப் பழகினான். பழகாதது நடுக்கம் ஒன்றுதான். மிஷின் ஓடினால் மேடை அதிரும், மேடை அதிர்ந்தால் முழங்கால் அதிரும், அது அவனுக்குத் தாலாட்டு. ஆனால் இந்த ஊர் மண்ணே இன்னும் அடங்கவில்லை, வாரத்துக்கு ஒரு தடவை லேசாக ஒரு குலுக்கு குலுக்குகிறது, இது மிஷினா மண்ணா என்று மேடைமேல் நிற்கிறவனுக்குத் தெரியவா செய்யும். அதற்காகப் பலகை ஓரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தான். மிஷின் ஓடும்போது தண்ணீர் எப்படியும் ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்து என்னடா தெரிஞ்சுக்குவ என்று லோடர் ஓட்டுகிற பொங்கியண்ணன் கேலி பண்ணுவான். கேலி பண்ணட்டும். ஆடுவதிலும் ஒரு வித்தியாசம் இருக்கும், இருக்கவேண்டும். இப்போதும் டம்ளரைப் பார்த்தான், தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது, வழக்கமான நடுக்கம்தான்.

எல்லாம் அந்த நிலைப்படியால் வந்தது. ஊரில் அதை நெலவு என்பார்கள், அந்த நெலவைத் தொடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாலா அஞ்சா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது. கெரகம், அன்றைக்குப் பார்த்து வெள்ளிக்கிழமை. மிஷினைப் பூட்டி முடித்து இன்னும் ஓட்ட ஆரம்பிக்கவில்லை, லாரிகள் வீடு வீடாக அள்ளிக்கொண்டுவந்து குவியல் குவியலாகக் கொட்டியிருந்தன, நாற்பத்தோரு குவியல், ஒவ்வொன்றின் உச்சியிலும் அந்தந்த வீட்டு நிலைப்படிக் கல்லைத் தூக்கி எறிந்தாற்போல் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். செருப்புக் காலை வைத்து மிதிக்கிறார்கள். ஒருத்தன் பான்பராக் எச்சிலை அதன்மேலேயே துப்பினான். சின்ன வயதில் நெலவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றதற்கு அம்மா முதுகில் வைத்த அறை அர்த்தனாரிக்கு இன்னும் மறக்கவில்லை, லட்சுமி வந்து நிக்கிற எடத்துல குண்டிய வெப்பியா என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். வீடு போனால் போகட்டும், நெலவு போகலாமா. பொங்கியண்ணனையும் கூட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நாற்பத்தோரு கல்லையும் இறக்கினான், தகர வேலி ஓரமாக வரிசையாக வைத்தான், டேங்கர் தண்ணீரை அடித்துக் கழுவினான், மேலே காவியில் என்னவோ கிறுக்கியிருந்தது, குஜராத்திக் கிறுக்கல், கொத்தனார் குறி என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்துவிட்டான், மஞ்சள் தூள் வாங்கிவந்து கல்லுக்கு மூன்று பொட்டு வைத்தான். வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஊரை விட்டு ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளிவந்து நாலு பேருக்கு நல்லது செய்துவிட்டோம் என்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான், மடையன்.

மறுநாள் சைட்டைப் பார்க்கிற தினகர்பாய் வந்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அது கொத்தனார் குறி இல்லையாம். வீட்டு நம்பராம். தெருவில் எல்லாம் விழுந்த பிறகு அசையாமல் கிடந்தது நிலைப்படி ஒன்றுதான் என்று அதன்மேல் நம்பர் எழுதி, அந்தந்தக் குவியலின் மேலேயே அதைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் வந்து தங்கள் குவியலைக் கிளறிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, சரி என்று சொன்ன பிறகுதான் அது கிரஷருக்குப் போகவேண்டும். இப்போது கல் வேலி ஓரம் இருக்கிறது, நம்பர் டேங்கர் தண்ணீரோடு போய்விட்டது, நாற்பத்தோரு குவியலுக்கும் பேர் இல்லை. எது யார் வீடு என்று கடவுளுக்குத்தான் தெரியும். வெளியில் மூச்சு விடாதே, என்றார் தினகர்பாய், தெரிந்தால் ஊரே வந்து உன்னைக் கிரஷரில் போட்டுவிடும், என்னையும் சேர்த்துத்தான், யார் கேட்டாலும் இன்னும் வரவில்லை என்று சொல், மழைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் போட்டாகவேண்டும், பிள்ளைகள் கூடாரத்தில் வெந்துகொண்டிருக்கிறது. அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. பிள்ளைகள் வெந்துகொண்டுதான் இருந்தன, நாற்பது டிகிரி. அதனால் யார் கேட்டாலும் அர்த்தனாரி இன்னும் வரவில்லை என்று சொன்னான். மற்றவர்கள் ஒன்றிரண்டு தடவை கேட்டுவிட்டு அலுத்துப் போய்விட்டார்கள், உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஆயிரம் வேலை. ஒரே ஒருத்திதான் போகவில்லை.

ஜவேர்பென். ஐம்பது வயது இருக்கும், கறுப்புச் சேலை முக்காடு, கையில் ஒரு பித்தளைச் செம்பு. காலையில் கேட் திறப்பதற்கு முன்னால் வந்து வெளியே வேலமரத்து நிழலில் உட்கார்ந்துவிடுவாள். நூத்திப் பதினேழு வந்திருச்சா, பாய். அவ்வளவுதான் கேள்வி. இன்னும் வரலை, பென். அவ்வளவுதான் பதில், பாய் என்றால் இங்கே அண்ணன், பென் என்றால் அக்கா. பதினோரு நாள். தலையாட்டிவிட்டு மறுபடி மரத்தடிக்குப் போய்விடுவாள், ஒரு நாள்கூடக் கோபப்பட்டதில்லை, கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. நகையா, பாத்திரமா, எதைத் தேடுறீங்க என்று நாலாவது நாள் வாயை அடக்கமாட்டாமல் அவனே கேட்டான், கேட்டிருக்கக் கூடாது. அவனுடைய ஓட்டை இந்திக்குப் புரிகிற மாதிரி அவள் மெதுவாகச் சொன்னாள். ஒரே மகள், ஹன்சா. மார்கழி பிறக்கிறதுக்கு முன்னால் கல்யாணம் பண்ணி அனுப்பினாள். இவர்கள் பக்கத்தில் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற பெண் குங்குமத்தில் கையைத் தோய்த்துப் பிறந்த வீட்டுச் சுவரில் அழுத்திவிட்டுத்தான் படி இறங்கவேண்டும். அழுத்திவிட்டு இறங்கினாள். ஏழாவது வாரம் புருஷன் வீடு அவள்மேல் விழுந்தது. நாற்பது மைல், ரோடு இல்லை, இவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாரையும் சேர்த்து எரித்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. அந்தக் கை மட்டும்தான் பாக்கி, பாய், சுவரில் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும், சுவர் உடைந்திருந்தாலும் அந்தத் துண்டு எங்கேயாவது இருக்கும் இல்லையா. இருக்கும், பென், என்றான் அர்த்தனாரி. வேறு என்ன சொல்வான்.

அன்றிலிருந்து அவன் தனக்குத்தானே ஒரு ஏற்பாடு பண்ணிக்கொண்டான். குவியலுக்குப் பேர் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. மிஷின் வாய்க்குப் போகிற ஒவ்வொரு துண்டையும் பார்ப்பான், சிவப்பாக ஒரு கை தெரிந்தால் சட்டென்று மிஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அமுக்குவான், துண்டை எடுத்துத் துடைத்துத் தோள்துண்டில் சுற்றி, இந்தாங்க பென், வந்திருச்சு என்று கொடுப்பான், அவளுக்குக் கை கிடைத்த மாதிரியும் ஆச்சு, இவன் செய்த தப்பு தெரியாத மாதிரியும் ஆச்சு. சாமர்த்தியக்காரன். பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தபடியே ஏழு நாள் நின்றான், தொட்டியைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்துவிட்டது, ராத்திரி கண்ணை மூடினாலும் செங்கல் சரிந்துகொண்டே வரும். இருபத்தாறு குவியல் தீர்ந்தது. ஒரு துண்டைக்கூட விட்டதில்லை. இன்றைக்கு எட்டேகாலுக்கு மட்டும் எங்கே போனான். மனசால் ஊருக்குப் போனான். நேற்று சாயங்காலம் பூத்திலிருந்து பொண்டாட்டி பூங்கொடிக்குப் போன் பண்ணினான், புது வூட்டுக்கு நெலவு வெச்சாச்சுங்க, உங்க மச்சினன்தான் கூட நின்னு வெச்சாப்ல, நீங்க இல்லைன்னுதான் கொறை என்றாள். நவதானியம் போட்டீங்களா என்று கேட்க மறந்துவிட்டான். நெலவுக்கு அடியில் மஞ்சத் துணியில் முடிந்து நவதானியம் போடவேண்டும், மச்சினன் அவசரக்காரன், சிமெண்ட்டைக் கொட்டி மூடியிருப்பான், பூங்கொடி ஞாபகமாகப் போட்டிருப்பாளா, போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகும், வீடு நிற்குமா. வீடு நிற்பதைப் பற்றி இந்த ஊரில் நின்றுகொண்டு யோசித்தால் கொஞ்சத்திலா விடும். அந்த யோசனையில்தான் இருந்தான். நீலம் வந்தது. நாலு கோடு. கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது, அமுக்கவில்லை.

அமுக்கியிருந்தாலும் நின்றிருக்காது, இவ்வளவு பெரிய சக்கரம் அமுக்கினவுடனே நிற்குமா, நாலு சுற்று சுற்றித்தான் நிற்கும். சரி. அது சமாதானம். நாலு கோடுதான் என்பதும் சமாதானமா. இல்லை, அது நிஜம், நன்றாகப் பார்த்தான். மூன்று நெட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில், ஒன்று மட்டும் தள்ளிக் கட்டையாக, அதற்கு அடியில் துண்டு உடைந்து வெறும் காரை தெரிந்தது. இதைக் காலையிலிருந்து அவன் நினைக்காமல் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான், இப்போது பிடித்துக்கொண்டது. பிரஷ்ஷைத் துடைக்கிறவன் ஏன் ஒன்றை மட்டும் தள்ளிக் கட்டையாகத் துடைக்கிறான். மூன்று விரலும் ஒரு கட்டைவிரலும். அப்படி ஒரு கை எங்கே இருக்கிறது. அதுதான் இல்லையே, அதனால்தான் அது கை இல்லை. சுண்டுவிரல் மண்ணில் மறைந்திருந்தால். மறையவில்லை, அந்தப் பக்கம் வெறும் நீலம், சுத்தமான நீலம், அதையும் பார்த்தான். சரிதானே, அப்புறம் என்ன, விட்டுத்தொலையேன். பெல்ட்டின் கடைசியில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தது, காலையில் அரைத்தது எல்லாம் அங்கே ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து, சாம்பல் நிறத்தில் அங்கங்கே நீலப் பொட்டு. பள்ளிக்கூடத்து லாரி வந்து பின்பக்கமாக அதனிடம் போய் நின்றது. பொங்கியண்ணன் லோடரைத் திருப்பினான். அள்ளி லாரியில் போட்டால் போதும், மதியத்துக்குள் அஸ்திவாரக் குழியில் இறங்கிவிடும், சிமெண்ட்டைப் பிசைந்து மேலே ஊற்றினால் நாலும் இல்லை அஞ்சும் இல்லை, ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. நாளைக்கும் அவள் வருவாள். நூத்திப் பதினேழு வந்திருச்சா, பாய். இவன் சொல்வான். மழை வரும், மிஷினைக் கழற்றிக்கொண்டு ஊருக்குப் போவான், புது நெலவைத் தாண்டி உள்ளே நுழைவான். வலது காலை வைத்து. அந்தக் காலைத் தூக்கி வைக்கிற இடத்தில் எண்ணம் நின்றுவிட்டது, மேலே போகமாட்டேன் என்றது. பொத்தானை அமுக்கினான்.

சக்கரம் நாலு சுற்று சுற்றி நின்றது. மூன்று வாரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மிஷின் நின்றது இதுதான் முதல் தடவை, அந்த அமைதியில் வேலமரத்துக் குருவிச் சத்தம் கேட்டது. பொங்கியண்ணன் லோடரிலிருந்து தலையை நீட்டினான்.

"என்ன மாப்ளே, எதாச்சும் சிக்கிக்கிச்சா?"

"லாரியில போடாத. செத்த நேரம் நிறுத்து."

"தினகர்பாய் கத்துவாரப்பா."

"கத்தட்டும்."

அவன் மேடையை விட்டு இறங்கினான். முழங்கால் அதிர்ந்துகொண்டே இருந்தது, மண்தான் ஆடுகிறதோ என்று திரும்பி டம்ளரைப் பார்த்தான், தண்ணீர் அசையாமல் இருந்தது. ஆடுவது அவன்தான். கேட்டைத் திறந்தபோது ஜவேர்பென் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள், மிஷின் நின்றால் அவளுக்கு வந்த சேதி என்று நினைத்துக்கொண்டாள்போல, முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், அதைப் பார்த்ததும் ஓடிப்போய் மிஷினைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று இருந்தது. உள்ளே கூட்டிவந்தான். வேலி ஓரத்தில் நிலைப்படிக் கற்களின் வரிசையைத் தாண்டும்போது அவள் நடை தடுமாறியது, பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ கல்லின் முன்னால் குனிந்தாள், ஓரத்தில் உடைந்திருந்த மூளியை விரலால் தடவினாள், மூன்று மஞ்சள் பொட்டையும் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுக் கல்லு."

"தெரியாம எடுத்துட்டேன், பென். எல்லாக் கல்லையும் நான்தான் எடுத்தேன். மிதிக்கிறாங்களேன்னு எடுத்தேன். நம்பரைக் கழுவிட்டேன். எந்தக் குவியல் உங்க வீடுன்னு எனக்குத் தெரியாது. பதினோரு நாளா உங்ககிட்டப் பொய் சொன்னேன்." ஓட்டை இந்தி இதற்கு மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது. நிறுத்தினால் மறுபடி வராது என்று அவனே மேலே போனான். "உங்க வீட்டுச் சுவரு என்ன நிறம்?"

"நீலம்."

"காலையில நீலத்துல ஒரு துண்டு போச்சு. சிவப்பா இருந்துச்சு. ஆனா அது கை இல்ல, பென். நான் நல்லாப் பாத்தேன். நாலுதான் இருந்துச்சு. கைன்னா அஞ்சு இருக்கணுமில்ல." சொல்லிவிட்டு வலது கையை விரித்துக் காட்டினான், அவளே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி.

ஜவேர்பென் அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தன் கையை நீட்டி, அவன் சுண்டுவிரலை மட்டும் பிடித்து மெல்ல உள்பக்கமாக மடக்கினாள்.

"இப்படியா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஹன்சாவுக்கு ஆறு வயசுல அந்த வெரலு மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டற மிஷின்ல போயிருச்சு. கல்யாணத்தன்னிக்கு அந்தக் கைய வெக்கமாட்டேன், எல்லாரும் பாப்பாங்கன்னு அழுதா. நான்தான் புடிச்சு அழுத்தினேன்."

ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னானா, மனசுக்குள் சொன்னானா, அவனுக்கே தெரியவில்லை. நாலு, நாலு என்று காலையிலிருந்து எதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தானோ அதுவே அவள் மகள். அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள், ஜல்லிக் குவியலில் போய் விழுவாள் என்று நினைத்துக்கொண்டு நின்றான், அதில் ஏதாவது ஒன்றை அவள் செய்துவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் குவியலைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், நின்றுபோன மிஷினைப் பார்த்தாள். தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டி, கல்லுக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள் உட்காருகிற மாதிரி மண்ணில் உட்கார்ந்தாள். செம்பைப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப நீங்க பாத்திருக்கீங்க," என்றாள். "எனக்கு அது கண்ணுக்கு வரமாட்டேங்குது. எவ்வளவு நெனச்சாலும் வரமாட்டேங்குது. கடைசியாப் பாத்தது நீங்கதான். செவப்பு மங்கிப் போயிருந்துச்சா?"

"இல்லைங்க," என்றான் அர்த்தனாரி, இந்தி போய்த் தமிழ் வந்துவிட்டது, திரும்ப இந்தியில் சொன்னான். "மங்கலை. இப்பத்தான் வெச்ச மாதிரி இருந்துச்சு."

"உக்காருங்க," என்றாள் அவள். "மொதல்ல இருந்து சொல்லுங்க."

அவன் கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நீலத்திலிருந்து ஆரம்பித்தான்.